அரியர்க்காரரின் விண்ணப்பம்

பெறுநர்: தேசியத் தேர்வு முகமை, புது தில்லி.
பொருள்: நிலுவைத் தாள்கள் குறித்துத் தோழமையுடன் விசாரித்தல்.

ஐயா,

விண்ணப்பதாரர் பொறியியல் படிப்பில் கணிதம் இரண்டாம் தாளில் மூன்று முறை அரியர் வைத்தவர். முதல் முறை படிக்காமல் போய்த் தோற்றார். அடுத்த இரண்டு முறையும் போன தடவை எங்கே சறுக்கினோம் என்று பார்க்காமலே போய் உட்கார்ந்து தோற்றார். இந்த அனுபவத்தால், தன் இனத்தைச் சேர்ந்தவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்.

2018 டிசம்பரில் முகமை யுஜிசி நெட் தேர்வைக் கணினிக்கு மாற்றியது. விண்ணப்பதாரர் கைதட்டினார். 2024 ஜூனில் அதே தேர்வைப் பேனாவுக்கும் ஓஎம்ஆர் தாளுக்கும் திருப்பியது. ஏதோ காரணம் இருக்கும் என்று அதற்கும் தட்டினார். ஜூன் 18 அன்று 317 நகரங்களில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். வினாத்தாள் கசிந்ததாகச் சந்தேகம் எழ, மறுநாள் இரவே கல்வி அமைச்சகம் தேர்வை ரத்து செய்தது. மறுதேர்வு ஆகஸ்ட் 21 முதல் நடந்தது. எதில்? கணினியில்.

இதில் கொடுமை, கசிவுக்குச் சாட்சியாக டெலிகிராமில் உலவிய படம், தேர்வு நாளில் எடுக்கப்பட்டு, முன்பே வெளியானதுபோல் தேதி மாற்றப்பட்டது என்று சிபிஐ பின்னர் கண்டறிந்ததுதான். கசியாத தாளுக்காக லட்சக்கணக்கானோர் இரண்டாவது முறை பேருந்து ஏறியிருக்கிறார்கள்.

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான கியூட் கதையும் இதற்கு இளைத்ததில்லை. முதல் ஆண்டான 2022இல் முழுக்கக் கணினி. ஆகஸ்ட் 4 அன்று பிற்பகல் 3 மணித் தேர்வுக்கு வினாத்தாள் 5.25க்குத்தான் ஏறியது, 489 மையங்களிலும் அந்த அமர்வு ரத்து. 2024இல் சில பாடங்களைக் காகிதத்துக்கு மாற்றினார்கள். மே 15 தேர்வு தில்லியில் மட்டும் முந்தின நாள் இரவு தள்ளிப்போனது. 2025இல் மறுபடி முழுக்கக் கணினி. தோசையை இத்தனை முறை திருப்பிப் போட்டால் கல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதைத் தில்லியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீட்? விண்ணப்பதாரர் தமிழ்நாட்டுக்காரர், ஆரம்பித்தால் கூடுதல் தாள் கேட்க வேண்டிவரும். 2024இல் 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்து, பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதை மட்டும் நினைவூட்டி நகர்கிறார்.

கருவி மேல் பழி போட அவருக்கு மனமில்லை. கணினியும் தேர்வு நடத்தும், காகிதமும் நடத்தும். போன ஆண்டு எந்த மையத்தில் சர்வர் படுத்தது, ஏன் படுத்தது என்பதை ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் அயல்பணியில் வந்தவராக இருந்தால் தாய்த்துறைக்குத் திரும்பிவிடுவார். ஒப்பந்தக்காரராக இருந்தால் ஒப்பந்தம் முடிந்துவிடும். பட்ட பாடம் அவரோடு வாசலைத் தாண்டிவிடும். புதிதாக வருபவர் அதே பாடத்தை முதல் பக்கத்திலிருந்து, மாணவர்கள் செலவில், படிக்கத் தொடங்குவார்.

விண்ணப்பதாரர் கண்டுபிடித்த ரகசியமல்ல இது. தேர்வுச் சீர்திருத்தத்துக்காக இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைக்கப்பட்ட குழுவே, முகமைக்குச் சொந்தப் பணியாளர்கள் வேண்டும், வெளியாட்களை நம்புவது குறைய வேண்டும் என்றது. குழு தந்த பரிந்துரைகள் மொத்தம் 101.

எண்ணைப் பார்த்ததும் விண்ணப்பதாரருக்குக் கல்யாண வீடு ஞாபகம் வந்துவிட்டது. நம் ஊரில் 101 ரூபாய் மொய் வைத்தால்கூட, வாசலில் ஒருவர் உட்கார்ந்து பெயர், ஊர், தொகை என்று நோட்டில் எழுதுவார். பத்து வருடம் கழித்தும் அந்த நோட்டைப் புரட்டித்தான் திருப்பிச் செய்வார்கள்.

ஆகவே, முகமை தன் வாசலிலும் அப்படியொரு நோட்டை எல்லோரும் பார்க்கும்படி வைத்து, 101இல் எது, எந்தத் தேதியில், யார் பொறுப்பில் நிறைவேறியது என்று வரி வரியாக எழுதிவர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறார். நோட்டு வாங்கும் செலவுக்கு 40 ரூபாய் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
நான்காவது முறையில் தேறியவர்