பங்கு கேட்கும் வால்கள்

கேள்வி: சம்பளம் சொற்பம், வீட்டில் ஒரு நாட்டு நாய், ஒரு பூனை. சிக்கனமாக வளர்க்க வழி உண்டா?

பதில்: நாட்டு நாய்க்குப் பாக்கெட் தீனி கட்டாயமில்லை. பிராய்லர் கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக் கழுத்து, கொஞ்சம் ஈரல், ரேஷன் அரிசி, ஒரு துண்டு பூசணி இவற்றை உப்பில்லாமல் குழைய வேகவைத்தால் ஒரு வேளை முடிந்தது. வெந்தபின் சதையைக் கையால் உதிர்த்து, எலும்பை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிட வேண்டும். வெந்த எலும்பு சிம்புசிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வீட்டுக் குழம்பில் பங்கு கொடுப்பது சிக்கனமே அல்ல. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். தாளிப்புக்கு முன்பே அதன் பங்கை எடுத்துவைப்பது நல்லது.

பூனையின் கணக்கு வேறு. தயிர்ச்சோற்றில் அது பிழைக்காது. டாரின் என்ற சத்து இறைச்சி, மீனிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வேகவைத்த நெத்திலி கொஞ்சம், ஈரல் கொஞ்சம், கோழி அதிகம் என்று மாற்றி மாற்றி வைக்கலாம்.

படுக்கைக்குப் பழைய சாக்கு போதும். உண்ணியைத் தினமும் காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் பார்த்து எடுக்கக் காசு தேவையில்லை.

கைவைக்கக் கூடாத செலவு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். அரசு கால்நடை மருந்தகத்தில் செலவு குறைவு. காய்ச்சல் என்று வீட்டுப் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்தால் ஒரே மாத்திரை உயிரை வாங்கிவிடும்.