பூட்டின் மாட்சி

நூலகவியலின் பிதாமகர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளை அட்சரம் பிசகாமல் அனுஷ்டிக்கும் ஸ்தாபனம் உலகில் ஒன்று உண்டெனில், அது எங்கள் கிராமத்து நூலகமே என்று சத்தியம் செய்ய நான் சித்தமாயிருக்கிறேன். முதலிரண்டு விதிகள் வெறும் பீடிகை, விட்டுவிடுவோம். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்பது மூன்றாவது. எங்கள் கறையான்களோ பொருள், நடை, ஆசிரியர் என்ற பேதம் எதுவும் பாராட்டாமல் அட்டை முதல் அட்டைவரை கிரகித்துவிடுகின்றன. வாசகரின் காலத்தைக் காப்பாற்று என்பது நான்காவது. கதவில் தொங்கும் பூட்டைத் தெருமுனையிலேயே தரிசித்து அவர் திரும்பிவிடுவதால், அட்டவணை புரட்டும் சிரமமும் அவருக்கு இல்லை. நூலகம் வளரும் உயிர் என்ற ஐந்தாவதற்குப் புற்றே பிரத்தியட்ச சாட்சி.

1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் புண்ணியத்தால், இத்தனை சௌகரியங்களுக்கும் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி கட்டும் பாக்கியமும் எங்களுக்கு வாய்த்திருக்கிறது.

சென்ற மாதம் ஒரு திருடன் பூட்டை உடைத்து மின்விசிறியைக் கொண்டுபோனான், நூல்களைத் தொடவில்லை. இவ்வாண்டின் முதல் வாசகராக அவனை வருகைப் பதிவேட்டில் ஏற்றலாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.