ஔவையார் எழுந்து போன ஓட்டல்

வேளச்சேரி விஜயநகர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், இரவுப் பணி முடிந்த நாலு பேர் டீக்கடை வாசலில் நின்றால் போதும். இரண்டாவது டீக்குள் இந்தச் சண்டை தொடங்கிவிடும். "மச்சி, இனிமே ஆயுசுக்கும் ஒரே ஓட்டல்லதான் சாப்பிடணும்னு சட்டம் போட்டுட்டா, நீ எதைச் சொல்லுவ?"

ஒருவன் திருவல்லிக்கேணி ரத்னா கபே என்பான். இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றும் இடம் இருக்கும்போது மனிதனுக்கு வேறென்ன வேண்டும் என்பது அவன் கட்சி. இன்னொருவன் மயிலாப்பூர் ராயர் மெஸ் என்பான். மூன்றாமவன் சைவத்தையே மொத்தமாகத் தள்ளிவிட்டு மவுண்ட் ரோடு புகாரி என்பான். நாலாமவன், புதிதாகக் கல்யாணமானவன், "வீட்டுச் சாப்பாடுதான்டா" என்று சொல்லி மற்ற மூவரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

நால்வரும் சாம்பாரைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, ஆயுசைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வேளச்சேரியில் நின்றுகொண்டு அப்படிப் பேசத் தனித் துணிச்சல் வேண்டும். ஆயுசுக் கணக்குப் பார்க்கும் அதிகாரியே இந்த ஊரில் வந்து தங்கியவர்.

மார்க்கண்டேயன் விவகாரத்தில் சிவனிடம் உதை வாங்கி, கையிலிருந்த தண்டமும் பறிபோய், சஸ்பென்ஷனில் இருந்த எமதர்மராஜா இங்கே வந்துதான் லிங்கத்தை வழிபட்டுத் தண்டத்தைத் திரும்பப் பெற்றார் என்கிறது தண்டீஸ்வரர் கோயில் தலபுராணம். ஆக, வேலை போய், அடுத்த ஆர்டருக்காக வேளச்சேரியில் காத்துக் கிடந்த முதல் ஆள் அவர். டைடல் பார்க் 2000-லும், பறக்கும் ரயில் 2007-லும் வந்த பிறகு பெட்டியோடு இறங்கிய லட்சோபலட்சம் பேருக்கு அவரே முன்னோடி. அவர் எந்த மெஸ்ஸில் கணக்கு வைத்திருந்தார் என்பதைத் தலபுராணம் எழுதாமல் விட்டது பெரிய குறை. பாக்கி கேட்க யாருக்கும் தைரியம் வந்திருக்காது என்று மட்டும் ஊகிக்கலாம். அம்மன் பெயர் கருணாம்பிகை என்பதால் பட்டினி கிடந்திருக்க மாட்டார்.

எமனை விடுவோம். 'ஒரே ஓட்டல்' விரதத்தை முதன்முதலாக எடுத்து, அதை எழுத்திலும் வைத்துவிட்டுப் போனவர் ஔவையார். ஓட்டலின் பெயர் அதியமான் நெடுமான் அஞ்சி. இடம் தகடூர், இன்றைய தர்மபுரி. சங்ககாலப் புலவருக்கு அரண்மனைதான் மெஸ், பாட்டுதான் டோக்கன். புறநானூற்றின் 101-ஆம் பாடலில் ஔவை கொடுத்திருக்கும் நற்சான்றிதழை இன்றைக்கு எந்த முதலாளி பார்த்தாலும் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவிடுவார். ஒருநாள் போனாலும் சரி, பலநாள் போனாலும் சரி, கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போனாலும் சரி, முதல்நாள் முகம் எப்படி இருந்ததோ அப்படியேதான் அதியமான் முகம் இருந்ததாம். மாசக் கடைசியில் ஏழு பேரை அழைத்துப்போய் மினி டிபனில் இரண்டு சொல்லி, "பை டூ" கேட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அதோடு விடவில்லை அதியமான். சாப்பாடு முடிந்ததும் மற்ற இடங்களில் பீடா கொடுப்பார்கள், கல்கண்டு கொடுப்பார்கள். இவன் நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைக் கொடுத்தான். தானே தின்றிருக்க வேண்டியதை வாடிக்கையாளருக்குக் கொடுத்தது மகா பெருந்தன்மை. ஆனால் வியாபார ரீதியில் பார்த்தால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இப்படிப்பட்ட உறவில் 206-ஆம் பாடல் வந்து விழுகிறது. ஔவை வாசலில் நிற்கிறார். உள்ளே அழைக்கத் தாமதமாகிறது. அவ்வளவுதான்! மன்னனிடம் சொல்லவேண்டியதையெல்லாம் வாயில்காப்போனிடம் கொட்டுகிறார். உங்கள் அதியமானுக்குத் தன்னைத் தெரியாதா, என்னைத் தெரியாதா என்கிறார். கையில் தொழில் இருப்பவருக்கு எந்தத் திசைக்குப் போனாலும் சோறு கிடைக்கும் என்கிறார். மூட்டையைக் கட்டிக் கிளம்பத் தயாராகிறார். பாவம் அந்த வாயிலோன். டோக்கன் கொடுக்கும் பையனுக்கும் கிச்சனுக்கும் என்ன சம்பந்தம்? தமிழ்நாட்டில் இன்றுவரை இட்லி வர லேட்டானால் திட்டு வாங்குவது வாசலில் நிற்பவர்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உப்புக் குறைந்தது என்றோ, குழம்பு ஊசிப்போனது என்றோ ஔவை சொல்லவே இல்லை. சாப்பாட்டின் மேல் புகாரே கிடையாது. காக்க வைத்தார்கள் என்பதுதான் குற்றப்பத்திரிகை.

ருசிதான் எல்லாம் என்பவர்கள் கரிகாலன் ஓட்டலுக்குப் போய் வந்தவனை விசாரிக்கலாம். பொருநராற்றுப்படையில் வரும் பொருநனுக்கு அங்கே கிடைத்தது கறி, கறி, மேலும் கறி. அந்தப் பக்கம் வைத்து மெல்லுகிறான், இந்தப் பக்கம் வைத்து மெல்லுகிறான், போதும் என்றால் கரிகாலன் விடமாட்டேன் என்கிறான். ராப்பகலாகத் தின்று தின்று, புன்செய் உழுத கொழுப்போலப் பல் மழுங்கி, மூச்சுவிட இடமில்லாமல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பாகி, ஊருக்குப் போகிறேன் சாமி என்று பயல் கும்பிடு போடுகிறான். 'அன்லிமிடெட்' என்று போர்டு மாட்டிய இடத்துக்கு முதல் மாதம் தினமும் போய், இரண்டாம் மாதம் அந்தத் தெரு வழியே போவதையே தவிர்க்கும் வேளச்சேரி இளைஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ருசி ஆளை இழுக்கும். ஆயுசுக்கும் உட்கார வைக்காது.

மூன்றாவது சாட்சி பெருஞ்சித்திரனார். இவரும் அதியமானைத் தேடித்தான் வந்தார். அதியமானுக்கு அன்று என்ன அவசரமோ, ஆளைப் பார்க்காமலே பரிசைக் கொடுத்தனுப்பிவிட்டான். பார்சல்! குன்றும் மலையும் தாண்டி வந்த மனிதர் பார்சலை வாங்க மறுத்துவிட்டார். முகம் பாராமல் கொடுத்ததை வாங்கிக்கொள்ள நான் வியாபாரி இல்லை என்கிறார் 208-ஆம் பாடலில். என்னைப் பார்த்து, என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார். இன்றைக்கு இவர் தண்டீஸ்வரம் நகரில் மூன்றாவது மாடியில் குடியிருந்தால் நிலைமை என்ன ஆகும்? ஹெல்மெட்டைக்கூடக் கழற்ற நேரமில்லாமல் பையை நீட்டும் தம்பியிடம், "உன் முதலாளியை வரச் சொல்" என்பார். தம்பிக்கு அடுத்த ஆர்டர் போகும், சாப்பாடு ஆறும், மொபைலில் ஸ்டார் கேட்டு மணி அடிக்கும்.

நாலாவது சாட்சி காளமேகம். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் பசியோடு போய் உட்கார்ந்தார். பொழுது சாயும்போது அரிசியே வருகிறது. அதைக் குத்தி உலையில் போடும்போது ஊர் தூங்குகிறது. ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைக்கிறது. இப்படிப் பாடி வைத்தார். சத்திரத்துக்காரர் பதறிப்போய் வந்து காலில் விழாத குறையாகக் கேட்க, அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாக இன்னொரு பொருள் சொல்லிக் கொடுத்தாராம்: அரிசி மூட்டையாகப் பஞ்சத்திலும் வந்து குவியும், ஊரே பசி அடங்கும், சோற்றின் வெண்மைக்கு முன் வெள்ளியே எழுந்து ஓடும். ஒரு எழுத்தையும் மாற்றாமல் ஒரு ஸ்டாரை ஐந்து ஸ்டாராக்கிய மனிதர் தமிழில் அவர் ஒருவர்தான். இங்கேயும் பாருங்கள், சோறு குழைந்ததா இல்லையா என்ற பேச்சே இல்லை. நேரமும் மரியாதையும்தான்.

பிறகு சென்னைக்குக் காபி வந்தது, காபி கிளப் வந்தது, கூடவே 'பிராமணாள்' என்ற பலகையும் வந்தது. ஆயுசுக்கும் எந்த ஓட்டல் என்று நாம் கேட்கிறோம். அன்று பலருக்கு, "இன்றைக்கு எந்த ஓட்டல் நம்மை உள்ளே விடும்?" என்பதுதான் கேள்வி. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியாரின் தொண்டர்கள் அந்தப் பலகைக்கு எதிராக மறியல் செய்து, வரிசை வரிசையாகக் கைதானார்கள். அந்த ஓட்டலின் காபியில் சிக்கரி அதிகமா என்று அவர்களில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஔவை வாசலில் நின்று கோபித்ததும் வாசல் விஷயம்தான், இதுவும் வாசல் விஷயம்தான். அவருக்குத் தாமதமாகத் திறந்தது. பலகை மாட்டிய ஓட்டல்களில் பலருக்கு அது திறந்ததே இல்லை.

வாசலே இல்லாத ஓட்டல் ஒன்றைக் கட்டினால் என்ன? 1962-ல் கிருஷ்ணராவ் அதைத்தான் செய்தார். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, அடுப்படி வேலையில் தொடங்கி, 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் வைத்தவர். கதீட்ரல் சாலையில் தோட்டக்கலைச் சங்கத்து இடத்தில், மரங்களுக்கு நடுவே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னைத் திறந்தார். காரை மர நிழலில் நிறுத்தினால் கதவில் தட்டு மாட்டிவிட்டுப் போவார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மருந்துக் கம்பெனி ரெப்புகள் அதையே ஆபீசாக வைத்துக்கொண்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு காபியைப் பல கிளைகளாகப் பிரித்துக் குடித்துக் காதலித்தார்கள். பெண் பார்த்தார்கள், சினிமாக் கதை பேசினார்கள், ஆட்சியைக் கவிழ்த்தார்கள், மறுபடி அமைத்தார்கள்.

அங்கே பூரி கிழங்கு நன்றாக இருக்கும் என்று அந்தக் கால வாடிக்கையாளர்கள் இன்றும் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் உண்மை வெளியே வரும்: "எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திருன்னு யாரும் சொல்ல மாட்டான் சார்." 101-ஆம் பாடலின் உரை இதுதான். பில்லை வைத்துவிட்டு மேசையைத் துடைக்கிற சாக்கில் முழங்கையை இடிக்கும் நகரத்தில், இது அதியமான் தர்பார்.

ஆனால் அந்த நிலம் யாருடையது என்று ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருந்தது. 2008-ல் டிரைவ்-இன் மூடப்பட்டது. 46 வருஷம். அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். செம்மொழி என்ற பட்டத்துக்கு நமக்கு ஆதாரமே சங்கப் பாட்டுத்தான். சங்கத்துப் புறப்பாட்டுகளில் பல, சோறு போட்டவனைப் பற்றியவை. அந்த மொழிக்குப் பூங்கா வைக்கச் சோறு போட்ட இடத்தை எடுத்துக்கொண்டோம். பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. பசித்தால் எழுந்து வெளியே வரவேண்டும்.

இப்போது நெல்லிக்கனிச் சிக்கலுக்கு வருவோம். ஆயுள் கனியை வாடிக்கையாளர் தின்றுவிட்டால் என்ன ஆகும்? ஓட்டல் முதலில் போகும். அதியமான் போரில் இறந்தான், ஔவை இருந்தார். வாசலில் கோபித்துக்கொண்டு மூட்டை கட்டியவர்தான் 235-ஆம் பாடலில் உட்கார்ந்து அழுகிறார். கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறைய இருந்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பானே, கறித்துண்டு விழும் இடமெல்லாம் எங்கள் பக்கம்தானே என்று. எந்தக் கள், எந்தக் கறி என்ற விவரமில்லை. யார் யாருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் அந்த வரிகள். எந்தத் திசையிலும் சோறு உண்டு என்று வீறாப்பாகச் சொன்னவருக்கு, சோறு கிடைக்கும், அதியமான் கிடைக்கமாட்டான் என்பது அப்போது தெரிந்திருக்கும். டிரைவ்-இன் மூடிய அன்று கதீட்ரல் சாலையில் நின்றவர்களுக்கும் தெரிந்தது.

வேளச்சேரி இந்தப் பாடத்தை வேறு வழியில் படித்தது. 2013-ல் பீனிக்ஸ் மால் வந்தபோது ஒரே மாடியில் உலகச் சாப்பாடெல்லாம் கிடைத்தது. எந்தக் கவுண்டரிலும் யாருக்கும் யாரையும் தெரியாது. 2015 டிசம்பர் மழையில் தெருவெல்லாம் படகு ஓடியபோது, ராயர் மெஸ்ஸா ரத்னா கபேயா என்று சண்டை போட்டவன் மொட்டைமாடியில் நின்று, முகம் தெரியாத யாரோ கட்டிக் கொடுத்தனுப்பிய புளிசாதப் பொட்டலத்தைக் கை நீட்டி வாங்கினான். பெருஞ்சித்திரனார்கூட அன்று வாங்கியிருப்பார்.

ஆகவே, டீக்கடைத் தம்பிகளே, இரண்டாயிரம் வருஷத்து வழக்கின் தீர்ப்பு இது. ஆயுசுக்கும் ஓர் ஓட்டலைத் தேர்ந்தெடுக்க நாக்கைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அது மூன்றாம் மாதமே கட்சி மாறும். காபி குடித்து முடித்த பிறகு அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள். துடைக்க வருபவர் உங்கள் முழங்கையைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனால், பாதித் தேர்வு முடிந்தது. மீதிப் பாதிக்குக் கல்லாவில் இருப்பவரிடம் போங்கள். சாம்பாரைப் பற்றி விசாரிக்காதீர்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது, குத்தகை இன்னும் எத்தனை வருஷம் என்று விசாரியுங்கள். வேளச்சேரியாக இருந்தால், முன்னாடி ஏரி எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.