தாயம் விழாத மாந்தர்: கட்டை உருட்டலும் காயின் வாழ்வேற்றமும் குறித்த வட்டார ஆய்வு

பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களைப் பற்றியும் சிவகாசியில் அறிக்கைகள் குவிந்து கிடக்கின்றன. நான்காவது தொழிலான தாயம் உருட்டுதல் பற்றி அறிஞர் உலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தொன்மை

வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்தன. தோற்றவர்கள் காயை வீசிவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள் என்பது இதனால் உறுதியாகிறது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டதோ 1974-இல்தான். ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி, படிப்படியாக வலிமை கூட்டிக்கொள்வது அந்த ஆட்டம்.

2. கணக்கு

பித்தளைத் தாயக்கட்டை ஒன்றுக்கு நான்கு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டை சேர்ந்தால் 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம் எனப்படும் ஒன்று 2 விதம், ஐந்து 2, ஆறு 1, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு 1. இந்த நான்கில் எது விழுந்தாலும் மறு உருட்டு உண்டு. ஆக, மறு உருட்டுக்கான வாய்ப்பு 16-க்கு 6.

அமெரிக்க ஆட்டத்தின் இருபது முகப் பகடையில் உச்ச எண் விழ 20-இல் ஒரு வாய்ப்பு. தாயம் விழ 8-இல் ஒன்று. நம்முடையது தாராளம். ஆனாலும் எட்டு முறை உருட்டியும் தாயமே காணாதவர் நூற்றுக்கு 34 பேர் இருப்பார்கள். ஐந்தும் பன்னிரண்டுமாக விழுந்து தள்ளும். தாயம் விழாமல் காய் மட்டும் இறங்காது.

பக்கத்து வீட்டு மதினிக்கு முதல் உருட்டிலேயே தாயம் விழுவதைக் கணிதத்தால் விளக்க முடியவில்லை. கூர்ந்து பார்த்ததில், ஒரு கட்டையைப் புள்ளி மேலாகவே பிடித்து உருளாமல் வழுக்கி விடுவது தெரிந்தது. “மதினி, உருட்டிப் போடுங்க!” என்ற ஆட்சேபணைக்கு, “கை வேர்த்திருச்சு” என்பதே விடை.

3. பாத்திர வளர்ச்சி

அமெரிக்க வீரன் பூதத்தைக் கொன்றால் அனுபவப் புள்ளி கூடும், உடல் வலு கூடும். நம் காயோ உடைந்த வளையல் துண்டு; இறங்கும்போதும் வளையல் துண்டு, சுற்றை முடித்துப் பழமாகும்போதும் வளையல் துண்டு. ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்வட்டத்துக்குள் நுழைய முடியாது. வெட்டுப்பட்டாலோ மீண்டும் தாயம் போட்டுத்தான் பிறக்கவேண்டும். முதல் கட்டத்தில் வெட்டுப்பட்ட காய்க்குப் பெரிய நட்டமில்லை. உள்வட்டத்து வாசலில் வெட்டுப்பட்ட காய்க்கு ஒரு சுற்று வாழ்வே போச்சு. ஆகவே காய் முன்னேற முன்னேற அதற்குக் கூடுவது பயம் ஒன்றே. வீட்டுக் கடன் வாங்கியவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வர்.

வைகுண்ட ஏகாதசி இரவின் பரமபதம் இன்னும் கடுமை. அங்கே ஏணியெல்லாம் புண்ணியம், பாம்பெல்லாம் பாவம். இரண்டையும் உருட்டுதான் செய்கிறது, பலனை மட்டும் நாம் அனுபவிக்கிறோம்.

4. பாதுகாப்பு

பட்டாசு ஆலையில் மருந்து புழங்கும் இடத்தில் இரும்புக் கருவி கூடாது, பொறி பறக்கும். தாயக்கட்டை பித்தளையில் வார்க்கப்படுவதும் இதனால்தான் என்று நிறுவ முயன்றோம். ஆட்டத்தில் பறக்கும் பொறிக்கும் உலோகத்துக்கும் தொடர்பில்லை என்று தெரியவந்ததால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

5. முடிவு

அமெரிக்க ஆட்டத்தில் நடுவராக ஒருவர் விதிநூலோடு அமர்வார். இங்கே அப்பத்தா நூலில்லாமல் அமர்கிறார். கட்டைமேல் கட்டை சாய்ந்து நின்றால் செல்லுமா என்பதை அவர் தன் காய் நிற்குமிடத்தைப் பார்த்தே தீர்மானிக்கிறார். மேல்முறையீடு கிடையாது. ஆகவே வாய்ப்பு, திறமை ஆகிய இரண்டோடு மூன்றாவதாக அழுகுணி ஆட்டத்தையும் ஒரு மாறியாகச் சேர்க்காத எந்தச் சூத்திரமும் இவ்வட்டாரத்தில் செல்லாது எனப் பரிந்துரைக்கிறோம். பரிந்துரையை அப்பத்தா இன்னும் ஏற்கவில்லை.