தலைக்கு ஒரு வெள்ளி

ஆங் மோ கியோ காப்பிக்கடையில் தே ஓ கோசோங்கை ஆற்றிக்கொண்டிருந்தார் நிருபர் தம்பி. சுயேச்சை ஊடகம் தொடங்கும் பயிலரங்கை முடித்த கையோடு வந்தவர். கழுத்தில் பெயர் அட்டை இன்னும் தொங்கியது.

"வருமானத்துக்கு ஏழு வழி சொன்னாங்கண்ணே. ஏழும் வேற ஊருக்கானது."

1935இல் 'தமிழ் முரசு' தொடங்கிய கோ. சாரங்கபாணி, பாவம், பயிலரங்குச் சான்றிதழ் இல்லாமலே நடத்தினார்.

தம்பிக்கு வேறு கவலை. இணையச் செய்தித் தளங்களுக்கான 2013 விதிப்படி, வாரம் ஒரு சிங்கப்பூர்ச் செய்தியாவது போட்டு, இரண்டு மாதச் சராசரியில் மாதம் 50,000 உள்ளூர் வருகையாளரைத் தொடும் தளத்தைத் தனி உரிமம் எடுக்கச் சொல்லலாம். பிணைத்தொகை 50,000 வெள்ளி. தலைக்கு ஒரு வெள்ளி, கணக்கு சுத்தம்.

"அவ்வளவு காசுக்கு எங்கண்ணே போவேன்?"

"தமிழ்லதானே நடத்தப்போறே?"

"ஆமா."

"அப்ப நிம்மதியாத் தூங்கு."

முறைத்தார். சோதனைக்குத் தொடங்கிய பக்கத்தின் சென்ற மாதக் கணக்கைக் கைப்பேசியில் காட்டினார்: 43 பேர். அதில் மூன்று பேர் நான்தான்: வீட்டிலிருந்து ஒருவன், அலுவலகத்திலிருந்து ஒருவன், எம்ஆர்டியிலிருந்து ஒருவன்.