ஹாக்கி பார்க்கப் போகும் தமிழனுக்கு ஒரு வழிகாட்டி

கெப்பாலா பத்தாஸில் குடியிருந்துகொண்டு கோலாலம்பூரில் ஹாக்கி பார்க்க ஆசைப்படுகிறவருக்கு முதல் தகுதி, சொந்தக் கார். அது இல்லையென்றால், பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரல் வரை கொண்டுபோய் விடுவதற்கு ஒரு மைத்துனர். மைத்துனரும் வாய்க்காதவர் வீட்டிலேயே டிவி முன்னால் உட்காருவது நல்லது. ‘மக்கள் திரண்டு வந்து தேசிய அணிக்கு ஆதரவு தர வேண்டும்’ என்று மேடைக்கு மேடை விடப்படும் அழைப்பு அவருக்கானது அல்ல.

பஸ் கிடைத்தால் ஐந்து மணி நேரம் போல ஆகும். கோலாலம்பூரின் டிபிஎஸ் பஸ் முனையத்தில் இறங்கி எல்ஆர்டி பிடித்தால் இரண்டாவது ஸ்டேஷன், ஹாக்கி ஸ்டேடியம் இருக்கும் புக்கிட் ஜாலில். இரவு ஆட்டமென்றால் கடைசி ரயிலையும் கணக்கில் வையுங்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்து ஷூட்-அவுட்டுக்குப் போனால் உங்கள் ராத்தங்கல் டிபிஎஸ் நாற்காலியில். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஹாக்கி இறுதியாட்டத்தில் 6-6 என்று ஜப்பானோடு சமநிலைக்கு வந்து, ஷூட்-அவுட்டில் தங்கத்தைத் தவறவிட்ட அணி நம்முடையது. எனவே போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்வரிசையில் வெள்ளைத்துணி போர்த்திய நாற்காலிகள் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் தண்ணீர் போத்தல், டிஷ்யூ டப்பா, பெயர் அட்டை. அங்கே உட்கார்ந்துவிடாதீர்கள். டத்தோக்களும் டத்தோ ஸ்ரீக்களும் பாத்தேக் சட்டையில் இரண்டாம் கால்பகுதி நடக்கும்போது வந்து சேர்வார்கள். பெனால்டி கார்னருக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்குக்கும் வித்தியாசம் தெரியாவிட்டாலும் கோப்பையை யார் கையில் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியும். டிக்கெட் வாங்காமல் வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பையில் மலேசியா நான்காம் இடம். அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்ற அந்த அணிக்குக் கேப்டன் ஸ்ரீ சண்முகநாதன். புல் திடல் காலம் அது. அதற்கடுத்த ஆண்டு மொன்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. அதோடு இந்த ஆட்டம் திடல் வைத்திருப்பவனுக்கும் தண்ணீர் பாய்ச்ச வசதி உள்ளவனுக்கும் சொந்தமாகிவிட்டது. நம் ஆண்கள் அணி கடைசியாக ஒலிம்பிக் மண்ணை மிதித்தது 2000-இல், சிட்னியில். அதற்குப் பிறகு ஆறு ஒலிம்பிக் போய்விட்டது. அமைச்சர்கள் மாறினார்கள், ‘புதிய தொடக்கம்’ என்ற அறிக்கை மட்டும் மாறவேயில்லை.

இப்போது ஸ்டேடியம் நிற்கும் இடத்துக்கு வருவோம். எல்ஆர்டி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கூட வந்த பிள்ளைகளை நிறுத்தி, காலுக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஜொலிக்கும் வளாகம் முளைப்பதற்கு முன் புக்கிட் ஜாலில் ரப்பர் தோட்டமாக இருந்தது. விடியுமுன் வாளியும் கத்தியுமாகப் பால்மரம் வெட்டப் போனவர்கள் நம் ஆட்கள். 1980-இல் தோட்டம் அரசின் கைக்குப் போனது. 1998 காமன்வெல்த் போட்டிக்காக ஸ்டேடியங்கள் எழுந்தன. காமன்வெல்த்தில் ஹாக்கி முதன்முதலாக ஆடப்பட்டதும் அப்போதுதான். மலேசியாவுக்கு வெள்ளி கிடைத்தது, ஊரே கைதட்டியது.

தோட்டத்து ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? வெளியேறு என்ற நோட்டீஸ். 2011-இல் மிச்சமிருந்த 41 குடும்பங்கள் 4 ஏக்கர் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தன. ஸ்டேடியத்துக்கு இடமிருந்தது, கார் நிறுத்த இடமிருந்தது, கொண்டோமினியங்களுக்கு இடமிருந்தது. பரம்பரை பரம்பரையாக அந்த மண்ணில் உழைத்தவனுக்குக் கொடுக்க 4 ஏக்கர் இல்லை! மறு ஆண்டே இன்னொரு கூத்து. அங்கிருந்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் நிலத்தில் ஒரு பகுதி கோல்ஃப் பயிற்சித் திடலுக்குப் போகிறது என்று சர்ச்சை வெடித்தது. ஹாக்கி மட்டை பிடிக்க வேண்டிய பிள்ளைகளின் திடலில் பந்தடிக்க டத்தோமார். வெட்கம் என்ற ஒன்று இருந்தால் அது அன்றைக்கே செத்திருக்கும்.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1978 முதல் 2013 வரை கெப்பாலா பத்தாஸ் எம்.பி.யாக இருந்தவர் அப்துல்லா அகமது படாவி. 2003 முதல் 2009 வரை நாட்டின் பிரதமரும் அவரே. 2007 நவம்பர் 25 அன்று தோட்டங்களையும் கோயில்களையும் இழந்த வயிற்றெரிச்சலோடு பல்லாயிரம் இந்தியர்கள் கோலாலம்பூர் வீதிக்கு வந்தபோது, நம் தொகுதிக்காரரின் அரசாங்கம் கண்ணீர்ப்புகையும் நீர்பீரங்கியும் கொடுத்து வரவேற்றது. திரண்டு வாருங்கள் என்று கூப்பிட்டால் வருவதற்குப் பெயர் ரசிகர்கள். கூப்பிடாமல் திரண்டு வந்தால் சட்டவிரோதக் கூட்டம்.

ஆகவே போய் வாருங்கள். கோல் விழுந்தால் தொண்டை கிழியக் கத்துங்கள்; ஆடுகிற பையன்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அடுத்த தேர்தலில் இங்கே கொடி கட்டிய காரில் வந்து இறங்கும் யாங் பெர்ஹொர்மாட், எந்தக் கட்சியானாலும் சரி, உங்கள் கையைப் பிடிக்கும்போது விட்டுவிடாதீர்கள். தோட்டத்துக்கு உழைப்பைக் கொடுத்தவனுக்கு ஏன் 4 ஏக்கர் இல்லாமல் போனது என்று கேளுங்கள். பதில் சொன்ன பிறகு ஓட்டைப் பற்றிப் பேசலாம்.