அலமாரி விதி: முகச்சுளிப்பு குறித்து மூலனூரில் ஓர் ஆய்வு

அமெரிக்கர் ஆசையாகக் குடிக்கும் ரூட் பீர் என்ற குளிர்பானத்தை ஐரோப்பியர் ஒரு மிடறு குடித்ததும் முகம் சுளிக்கிறார்கள். பல்பசை என்கிறார் ஒருவர். சுளுக்குக்குத் தடவும் மருந்து என்கிறார் இன்னொருவர். இதனால் உலக அமைதிக்குப் பங்கம் ஏதும் நேரவில்லை என்பதாலோ என்னவோ, அறிஞர்கள் இதற்கு உரிய கவனம் தரவில்லை. அக்குறையைத் தாராபுரம் வட்டம் மூலனூரில் இருந்துகொண்டு தீர்க்க முற்படுகிறது இக்கட்டுரை. மூலனூர் ஏன் என்று கேட்கலாம். முருங்கைக்கும் பருத்திக்கும் பேர்போன இந்த ஊருக்கு இவ்வழக்கில் வாதி பக்கமும் சொந்தமில்லை, பிரதிவாதி பக்கமும் பங்காளியில்லை. நடுவருக்கு வேறென்ன தகுதி வேண்டும்? இனி நம் மேற்கோள்: நாக்கு சுவையை எடை போடுவதில்லை, அந்த வாசனை வீட்டில் முதன்முதலில் எந்த அலமாரியில் இருந்தது என்று மட்டுமே விசாரிக்கிறது. சமையல் அலமாரி என்றால் விழுங்கும்; மருந்து அலமாரி என்றால் சுளிக்கும். இதை அலமாரி விதி எனக் கொள்க.

ஏது வருமாறு. 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் சார்லஸ் ஹைர்ஸ் என்பவர் பெயர்பெறச் செய்த இந்தப் பானத்தின் வாசனைகளில் முக்கியமானது விண்டர்கிரீன். அதன் சாரம் மெத்தில் சாலிசிலேட். வலி களிம்புகளில் குப்பென்று அடிப்பதும் அதுவே. இந்தச் செடியின் இனம் ஒன்று நம் நீலகிரியிலும் விளைகிறது. ஊட்டிக்குப் போன குடும்பம் வர்க்கியோடும் யூகலிப்டஸ் தைலத்தோடும் விண்டர்கிரீன் தைலத்தையும் வாங்கி வருவதுண்டு. அந்தச் சின்ன பாட்டிலைத் திறந்து அப்பத்தாவின் முழங்காலில் தேய்த்து வளர்ந்த பேரனிடம் ரூட் பீரை நீட்டினால், விழுங்குவதற்கு முன் அவன் கண் முழங்காலைத்தான் தேடும். ஆக, ஐரோப்பியரின் சுளிப்பில் ஐரோப்பியத் தன்மை ஏதுமில்லை. அது மூலனூரிலும் செல்லுபடியாகும். மலேசியத் தமிழர் கதை வேறு. 1963 முதல் அங்கே ஏ அண்ட் டபிள்யூ கடைகள் அதை ஐஸ்கிரீம் மிதக்கவிட்டு விற்றுவருகின்றன. தலைமுறையாக அது விருந்துப் பண்டம், எனவே சுளிப்பில்லை. நாக்கு அதே தமிழ் நாக்கு, அலமாரிதான் வேறு.

எடுத்துக்காட்டுகள் இரண்டு பக்கமும் உண்டு. பீட்சாமேல் தூவும் ஆரிகானோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரோல், சளிக்குக் கசக்கிப் பிழியும் நம் கற்பூரவல்லியிலும் இருக்கிறது. இத்தாலியர் அதில் ஞாயிற்றுக்கிழமை விருந்தைக் காண்கிறார். கொங்குநாட்டுப் பாட்டியோ மார்ச்சளியைக் காண்கிறார். நம் பன்னீர் சோடா ஐரோப்பியருக்குக் குளியலறை சோப்பு. நமக்கோ கல்யாண வாசலில் தெளித்து வரவேற்கும் வாசனை. எல்லாவற்றிலும் அழுத்தமான சான்று மூலனூர்த் தோட்டங்களிலேயே நிற்கிறது. இங்கே பருப்போடு சேர்த்துப் பொரியல் செய்யும் முருங்கைக்கீரையை, உலர்த்தி அரைத்து மாத்திரைக் கூட்டில் அடைத்து அமெரிக்கர் தண்ணீரோடு விழுங்குகிறார்கள். நாம் கரண்டியால் அள்ளுவதை அவர்கள் வேளைக்கு இரண்டு என்று எண்ணுகிறார்கள். தைலத்தைப் பானமாக்கியவர்களே கீரையை மருந்தாக்கிவிட்டார்கள். விதி இரு திசையிலும் பலிக்கிறது.

இனி மறுப்புகள். முதலாவது, குறை அலமாரியில் இல்லை, அமெரிக்கரின் அளவுகடந்த சர்க்கரையில் என்பது. ஜிலேபியைப் பாகில் ஊறவைக்கும் நாட்டில் நின்று இந்த வாதத்தை எடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும். மேலும், ஹெர்ஷே சாக்லேட்டில் ஐரோப்பியர் காணும் குற்றம் இனிப்பு அல்ல, வாந்தி நெடி. அதற்குப் பியூட்டிரிக் அமிலத்தைக் காரணம் காட்டுகிறார்கள். அதே அமிலம் அவர்களுடைய பார்மேசான் சீஸிலும் இருக்கிறது. அதைச் சீவித் தூவி மெச்சிச் சாப்பிடுகிறார்கள். சீஸ் தட்டில் இருந்தால் மணம், சாக்லேட் தாளில் இருந்தால் நெடி. நம் வீட்டில் காறிப்போன நெய்யும் இந்த அமிலத்தின் கைவரிசைதான்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. கோகோ கோலாவே 1886-இல் அட்லாண்டாவில் ஜான் பெம்பர்டன் என்ற மருந்தாளுநர் உண்டாக்கி, மருந்துக்கடையில் கிளாஸ் கிளாஸாக விற்ற டானிக் ஆயிற்றே. அதை ஐரோப்பியரும் நாமும் சுளிக்காமல் குடிக்கிறோமே என்பார்கள். உண்மை. ஆனால் நமக்கு அது மருந்துக்கடை வழியாக வந்ததா? பெட்டிக்கடையின் ஐஸ் பெட்டி வழியாக அல்லவா வந்தது? பிறந்த அலமாரி அல்ல, சந்தித்த அலமாரியே கணக்கு. அந்த அலமாரியும் நிரந்தரமில்லை. 1977-இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போய் 1993-இல் திரும்பியது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. பலர் உள்ளூர்ப் பானமான பொவொண்டோவைக் கேட்டு வாங்கினார்கள். கோக் பாட்டிலுக்குள் ஒரு சொட்டும் மாறவில்லை. கடைக்காரர் இடம் மாற்றியதும் நாக்கும் கட்சி மாறிற்று.

ஆகவே தீர்ப்பு: ஐரோப்பியர் மேல் குற்றமில்லை, அமெரிக்கர் மேலும் குற்றமில்லை, குற்றம் முழுவதும் அலமாரி மேல். இதில் திருப்பூருக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. பனியன் ஆர்டர் பேச வரும் ஐரோப்பியருக்கு, விலை படியும் முன் பன்னீர் சோடா கொடுக்க வேண்டாம். எலுமிச்சை சோடா கொடுங்கள். எலுமிச்சை எல்லா நாட்டிலும் சமையலறையில்தான் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பிலும் அதே வாசனை உண்டே என்று யாராவது எழுந்தால், அவரை அடுத்த ஆய்வுக்குத் தலைமை தாங்க அழைக்கிறோம்.